ஒரே பேஸில் பன்னிரண்டு வீடு

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்த அன்றே எங்கள் பிளாக் எனக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டது. எண்ணூரில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. யார் வீட்டில் மிக்சி நின்றாலும் ஃபேன் முனகினாலும் "பாப்பாவைக் கூப்பிடு" என்பார்கள். அப்பா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஆள், நிலக்கரி பெல்ட் பக்கம் வேலை. கரண்டு செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாங்கள் கரண்டுக்குப் படும் பாட்டைச் சொன்னால் கல்லூரியில் சிரிப்பார்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து மூன்று பேஸ், அதாவது மூன்று தனித்தனிக் கரண்டு லைன், அதற்கு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் மூன்று பேஸுக்கு மூன்று இடம், ஒரே ஒரு பியூஸ் கட்டை. ஒரு பேஸ் போய்விட்டால் கட்டையைப் பிடுங்கி, கரண்டு இருக்கிற பேஸில் செருகிக்கொள்ளலாம். இரண்டாம் வருஷம் பரீட்சைக்குப் படிக்க விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், எரிச்சலில் அதை எல்லோருக்கும் நானே கற்றுக்கொடுத்தேன். ஒரு பேஸ் எத்தனை வீட்டைத் தாங்கும் என்று மட்டும் சொல்லித் தரவில்லை. கடைசி வருஷ புராஜெக்டும் அதேதான். ஒரு பேஸ் போனால் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் தானாகவே வீட்டை அடுத்த பேஸுக்கு மாற்றிவிடும்.

ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனி, ஆன்லைனில் கடைசி இன்டர்வியூ. அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார். "வேல கெட்ச்சா போ. இல்லன்னா இங்கியே மாப்ள பாத்துர்றேன்." அதனால் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வெளியே போக இருந்த ஒரே வாசல். கண் பட்டுவிடும் என்று அம்மா பிளாக்கில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றாள். பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல மாதம். பிளக்கில் இருந்தால்தான் ஓடும்.

இன்டர்வியூ தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, காலை பத்து மணிக்கு இரண்டு பேஸ் போயிற்று. எங்கள் பேஸ் தப்பியது. நான் சாமிக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா வந்து நின்றாள்.

"பாப்பா, மாமாவுக்கு மூச்சு இஸ்துகினு கீது. மெசின் வெக்கணும். ஒரு தபா மாத்தி வுடும்மா."

மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். அக்காவுக்கோ அந்தப் பெட்டியைத் தொட பயம். ஓடிப் போய் அவர்கள் கட்டையை எங்கள் பேஸில் செருகினேன். பிளாக்கில் கரண்டு போன வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் "நீங்க மாத்தாதீங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல நேரமில்லை. மேலே ஓடினேன்.

இன்டர்வியூவில் முதலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். என்னென்ன தெரியும் என்றார்கள். பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் புத்தகம் படிப்பது என்று எழுதியிருந்தேன், அது பச்சைப் பொய். செத்த மிக்சியைத் திறந்து பார்ப்பதுதான் சார் என்று உண்மையைச் சொன்னதும் கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் நான் பாதி ஓசூர் போய்விட்டேன். பிறகு புராஜெக்டைப் பற்றிக் கேட்டார்.

"எல்லா வீட்டையும் ஒரே பேஸுக்கு மாற்றினால், அது தாங்காதேம்மா. அப்போது என்ன செய்வீர்கள்?"

பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகி நின்றது, திரை கறுத்தது. போனில் திரும்ப நுழைவதற்குள் பேட்டியை முடித்துவிட்டிருந்தார்கள்.

"பாப்பா, கரண்டு போச்சு! வா!" கீழேயிருந்து ஏழெட்டுக் குரல்.

டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு கட்டையும் எங்கள் பேஸில், நான் கற்றுக்கொடுத்த மாதிரியே அழுத்தமாகச் செருகியிருந்தது. கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? படியில் மாமா மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி திணறிக்கொண்டிருந்தார்.

எல்லாக் கட்டையையும் பிடுங்கிவிட்டு எரிந்துபோயிருந்த மெயின் பியூஸில் புதுக் கம்பி சுற்றினேன். நாலு வீட்டுக்கு மேல் தாங்காது. முதலில் மாமா வீடு. அப்புறம் கைக்குழந்தை இருக்கிற வீடு. தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிற இரண்டு வீடு.

"நம்ம வூட்ல இன்னும் வர்லியேடி!" அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"இனிமே வேணாம்மா" என்றேன். எங்கள் கட்டை என் கையிலேயே இருந்தது.