மலை உச்சியில் ஒரு கல்லை விற்ற கதை

ஜேர்மன் கிராமங்களை வெளிநாட்டுச் சுற்றுலாக்காரருக்கு விற்கிற தொழிலில் பொய்யே தேவையில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் இன்னும் ஒருவரையும் பஸ்ஸில் ஏற்றவில்லை என்று அர்த்தம். கோடை விடுமுறைக்கு வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு அலைந்து களைத்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

மாட்டுமணி

தெற்கே ஒரு மலைக்காட்டுக் கிராமம். அங்கே ஹெல்கா என்ற விதவை தங்குவிடுதி நடத்துகிறா. அறைகள் எல்லாம் வெறுமை. இந்தக் கோடையும் இப்படியே போனால் விடுதியைப் பூட்டிவிட்டு மகளோடு நகரத்தில் போய் இருக்கவேண்டியதுதான் என்று கண் கலங்கினா. ஹம்பேர்க் உணவகத்தில் கறி கிண்டி ஓய்வுபெற்று அங்கே தங்கவந்த நான், "ஆக்களைக் கொண்டாறது என்ரை பொறுப்பு" என்று நெஞ்சை நிமிர்த்திவிட்டேன்.

முதல் பஸ் நிறையக் கனடாத் தமிழர். காடு, புல்வெளி, கழுத்தில் மணி கட்டின மாடு எல்லாம் காட்டினேன். ஒரு ரொறன்ரோ அக்கா மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா.

"மாடு பார்க்கவோ அண்ணை பிளேன் ஏறி வந்தனாங்கள்?"

சும்மா நடை

அடுத்தது மலைநடை. ஜேர்மன்காரருக்கு ஏறுவதும் இறங்குவதுமே சந்தோசம். எங்கட ஆக்களும் கதிர்காமக் கோயில்வரை நடந்தவர்கள்தான். ஆனால் போய்ச் சேருகிற இடத்தில் ஏதாவது இருக்கவேணும். மேலே என்ன கோயில் என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒன்றும் இல்லை, காற்று நல்லாயிருக்கும் என்றேன். மனுசன் மரக்குற்றியில் குந்திவிட்டார்.

"நீங்கள் போய்ட்டு வாங்கோ தம்பி, திரும்பி வரேக்கை என்னை எழுப்பிவிடுங்கோ."

அப்பிள் உடைப்பு

அடுத்த பஸ் வருவதற்குள் உச்சியில் கிடந்த பாசிபிடித்த கல்லுக்கு நானே தலபுராணம் கட்டினேன். உலகப்போரில் விழவந்த குண்டு இந்தக் கல்லைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிட்டது. இதைச் சுற்றிய கிழவன் ஒருவனுக்கு விழுந்த பல்லெல்லாம் முளைத்தது. அந்தப் பல்லால் அவன் கரும்பு கடித்ததை நான் கண்ணால் கண்டேன் என்றும் வந்தவர்களுக்கு அளந்தேன். கரும்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூட்டுநோக்காரர்தான் முன்னுக்கு ஓடினார்கள்.

நான் மூச்சுவாங்கிப் போய்ச் சேர்ந்தபோது கல்லுக்குத் திருநீறு, சந்தனப்பொட்டு, பட்டுச்சால்வை. தேங்காய் இல்லாததால் ஹெல்காவின் காலைச்சாப்பாட்டு மேசை அப்பிளைச் சிதறடித்திருந்தார்கள். கற்பூரமும் எரிந்தது. மணம் பிடித்துக் காட்டதிகாரி வந்துவிட்டார். சுற்றுலாவும் முடிந்தது, ஹெல்காவின் விடுதியும் முடிந்தது என்று நினைத்தேன். காட்டுக்குள் நெருப்பு வைத்தால் இனி ஒருவரையும் ஏறவிடமாட்டேன் என்று வெருட்டி, அவர் கற்பூரத்தை மிதித்து அணைத்தார். பிறகு என்னை ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

"நெருப்பில்லாமல் சும்மா சுற்றினால் முழங்கால் நோவுக்குக் கேட்குமா?"

ஹெல்காவின் கல்

இலையுதிர்காலத்தில் விடுதியில் அறை கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. ஹெல்கா பூட்டுகிற கதையை விட்டுவிட்டு, மேலே போகிறவர்களுக்குக் கூடையில் அப்பிள் வைக்கிறா. எனக்கு மனம் கேட்கவில்லை. கல்லின் கதை முழுக்க என் கற்பனை என்று சொல்லிவிட்டேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா.

"எனக்குத் தெரியாதா? குந்தியிருந்து பியர் குடிக்க என் புருஷன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போட்ட கல் அது. ஆனாலும் அறை நிரம்பவேணும் என்று நானும் களவாகப் போய்ச் சுற்றினேன்!"

நாங்கள் அவிழ்த்துவிட்ட பொய்யை ஊரே நம்பினபிறகு நம்பாமல் தனியே நிற்கிறது வலு கஷ்டம் என்பதால், நாளைக்கு நானும் ஒரு அப்பிளோடு ஏறப்போறன், எனக்கும் முழங்கால் நோ.