அப்பா பக்கத்தில் இருந்ததால்

குற்றால அருவி முதுகில் விழுந்தால் இடுப்புவலி போய்விடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் நானும் ஒரு மாத வலியோடு போய் நின்றேன். மறுநாள் காலை இடது கால் மரத்திருந்தது. உட்காரும் இடத்திலும் உணர்வில்லை. சிறுநீரும் வரவில்லை. இரண்டு கால்களும் போய்விடுமோ என்று பயந்துபோனேன்.

தென்காசி மருத்துவமனையில் டாக்டரிடம் நான் எழுதி வைத்திருந்த ஒரு தாளை நீட்டினேன்.

"எல்லாத்தையும் எழுதியே வச்சிருக்கா சார்" என்றார் கூட வந்திருந்த அப்பா பெருமையாக.

வலி தொடங்கிய நாள், பரவும் இடம், தின்ற மாத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன. படித்துவிட்டு டாக்டர் கேட்டார்: "ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா?"

பக்கத்தில் அப்பா. "இல்லை" என்றேன். என் கண் மட்டும் அப்பா பக்கம் போய்வந்தது.

நர்ஸ் அக்கா அதைப் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய இருங்க. பொம்பளப் பிள்ளைட்ட ஆயிரம் கேக்க வேண்டியிருக்கு."

கதவு சாத்தியதும் அழுதுகொண்டே சொன்னேன்.

"ஏட்டி, இதையா மறைச்ச? வலியை விட இதுல்லா பெருசு!" என்றார் நர்ஸ் அக்கா.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, முதுகெலும்பில் பிதுங்கிய டிஸ்க் நரம்புக் கொத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. எல்லா இடுப்புவலியும் இப்படி ஆவதில்லை, ஆனால் இந்த அறிகுறிகள் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். அன்றே திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை நடந்தது.

இப்போது நன்றாக நடக்கிறேன். இரண்டு கால்களும் போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தபோதும், என் வாய் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னதே, அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.