நாக்கில் வைக்காத சுமாக்

நான் பொறாமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வங்காளத்தில், ஜாதவ்பூரில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, எனக்கு ஒரு வருஷம் பின்னால் வந்து சேர்ந்த ஒருத்தியைப் பார்த்து ஒன்றரை வருஷம் வயிறெரிந்தேன். அவள் அழகு, அவள் உடுப்பு, அவளுடைய சிநேகிதர்கள் எதுவும் எனக்குப் பொருட்டாக இல்லை. அவளுடைய கண்ணாடித் தட்டில் விழுந்த வட்டம் என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். எங்கள் தொழிலில் அது போதும்.

என்ன வட்டம் என்று சொல்கிறேன். சுமாக் என்பது மேற்கு ஆசியச் சமையலில் தூவுகிற ஒரு சிவப்புப் பொடி. ஒரு மரத்தின் மிளகு அளவுக் காய்களைக் காயவைத்து இடிப்பார்கள். நம் வீட்டில் புளி செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. வயிற்றுப்போக்குக்கும் ஆறாத புண்ணுக்கும் மருந்தாகக் கொடுத்தார்கள் என்று பழைய குறிப்புகளில் இருக்கிறது. அது உண்மையா, உண்மையானால் அதற்குள் இருக்கும் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. கிருமியைத் தட்டில் வளர்த்து, நடுவே சின்னக் குழி வெட்டி, சுமாக் சாற்றை அதில் விட்டு, ஒரு நாள் சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால், சாறு பரவிய இடத்தில் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் தெரியும். வட்டம் பெரிதாக இருந்தால் சாற்றுக்கு வீரியம் அதிகம் என்று அர்த்தம். என் வட்டம் சட்டைப் பொத்தான் அளவில் இருந்தது.

அந்த ஆய்வகத்துக்குள் சுமாக்கைக் கொண்டுவந்தவள் நான்தான். நியூ மார்க்கெட்டில் மசாலாக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடையில் அரபி எழுத்துப் போட்ட சிவப்புப் பாக்கெட்டுகளைக் கண்டபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருந்த எல்லாவற்றையும் வாங்கினேன். ஆய்வகத்தில் அவற்றைப் பிரித்துப் பழுப்புக் கண்ணாடி ஜாடியில் கொட்டி, பெயர், தேதி, என் கையெழுத்து எல்லாம் போட்டு லேபிள் ஒட்டினேன். பாக்கெட்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டேன். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு பழக்கம். கடைக்காரன் எழுதியதை நம்ப மாட்டோம். நாங்கள் எழுதி ஒட்டினால்தான் அது பொருள்.

அடுத்த வருஷம் அவள் வந்தாள். காலிம்போங் பக்கத்து மலைக்காரி. தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் அவள் வீட்டுப் பின்னால் நிற்கும் மரத்திலிருந்து அவள் அம்மா பறித்துக் காயவைத்த கொத்துகள். சுமாக்குக்கு ஒன்றுவிட்ட உறவு அந்த மரம். மலையில் அதைப் பக்கிம்லோ என்பார்கள். வயிறு சரியில்லாவிட்டால் அங்கே டாக்டருக்கு முன்னால் அதுதான் வரும் என்றாள். நாங்கள் பேசிக்கொண்டது இந்தியும் ஆங்கிலமும் கொஞ்சம் வங்காளமுமாக; இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

முதல் நாளே அவள் ஒரு காரியம் செய்தாள். என் ஜாடியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, நாக்கில் வைத்தாள். கண் சுருங்கியது.

"தீதி, இதுல..." என்று அக்கா முறை வைத்து ஆரம்பித்தாள்.

"லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு தெரியாதா? சுவத்துல ஒட்டியிருக்கு பாரு!" என்று கத்தினேன். ஆய்வகத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறிவிப்பை அச்சடித்து ஒட்டியதே நான்தான். அதோடு விட்டேனா? அவள் துணிப்பையைக் காட்டி, "இது என்ன, மருந்தா, ஊறுகாய் போடவா?" என்று சிரித்தேன். அன்று சாயங்காலமே எங்கள் வழிகாட்டியான ஸாரிடம் போய், புதிதாக வந்த பெண்ணுக்கு ஆய்வக ஒழுங்கு தெரியவில்லை என்று வேறு சொன்னேன். அவள் அதற்குப் பிறகு என் மேசைப் பக்கம் வரவில்லை.

சில மாதங்களில் அவள் தட்டு தயாரானது. ஸார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்ட மாதிரி சுத்தமான வட்டம்.

"தாருண்!" என்றார்.

வங்காளத்தில் தாருண் என்றால் பிரமாதம் என்று அர்த்தம். என் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்ன வார்த்தை "ஹோபே". நடக்கும், ஆகும், பார்க்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் நான் ஹோபேயில் குடியிருந்தேன். அவள் வந்ததும் நேராகத் தாருணில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் வயிறு எரிந்தது என்று எழுதினால் குறைவு.

அடுத்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் ஸார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு செடியையும் இழுத்துக்கொண்டு போக ஆய்வகத்தால் முடியாது, ஒன்றுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும் என்றார். சாற்றைப் பிரித்து, உள்ளே வேலை செய்யும் பொருளைக் கண்டுபிடித்து, பிறகு எலிகளில் சோதிப்பது அந்தக் கட்டம். எந்தச் செடி போகிறதோ அந்தப் பெண்ணின் பெயர் கட்டுரையில் முதலில் வரும். மற்றவள் அவளுக்குக் கையாளாக வேலை செய்ய வேண்டும். நவராத்திரிச் சமயத்துப் பூஜை விடுமுறை முடிந்ததும் முடிவு.

அவளுக்கு நான் கையாளா? அவளுடைய கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி வைப்பதா? டாக்குரியாவில் நான் தங்கியிருந்த வீட்டுக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்தான்; அதற்குள் இந்தக் கேள்வியை நூறு தடவை கேட்டுக்கொண்டேன்.

பிறகு நான் செய்ததையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் இல்லாத நேரத்தில் சூட்டுப்பெட்டியைத் திறந்து அவள் தட்டுகளை எண்ணினேன். அவள் வட்டங்களை என் அளவுகோலால் அளந்தேன், ஏதாவது ஒன்றாவது சின்னதாக இருக்காதா என்று. ஒரு செவ்வாய்க்கிழமை காளிகாட் கோயிலில் நெரிசலில் இடிபட்டு நின்று, அவள் தட்டில் பூசணம் பூக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். படித்தவள், அறிவியல்காரி, அம்மனிடம் பூசணம் கேட்டேன். அந்த வாரம் பூசணம் பூத்தது என் தட்டில்.

அப்போதும் அடங்கவில்லை. ஸாரிடம் தனியாகப் போய், "ஸார், அவ சாறுல ஏதோ ஆசிட் சேர்க்கிறாளோன்னு சந்தேகமா இருக்கு. புளிப்பு ஏறினாலே கிருமி சாகும் இல்லையா?" என்றேன். ஸார் நியாயமான மனிதர். அதனால் அவளை எல்லோர் முன்னாலும் முதலிலிருந்து திரும்பச் செய்யச் சொன்னார். காய் இடிப்பதிலிருந்து, புளிப்பை முறித்துச் சமன் செய்வதுவரை, ஒவ்வொன்றாக. அவள் செய்து காட்டினாள். யார் சொல்லி இது நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆய்வகத்தில் இதெல்லாம் மறையாது. மறுநாள் தட்டை எடுத்தார்கள். அதே நாணயம், அதே வட்டம். அவள் போய்க் குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவினாள்.

வெட்கப்பட்டேனா? இல்லை. இன்னும் சாமர்த்தியமாக ஏதோ செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். காயிலேயே எதையோ கலந்துதான் கொண்டுவருகிறாள் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மஹாளயத்துக்கு முந்தின நாள், எல்லோரும் பூஜைக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்தபோது, அவள் ஜாடியிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்துக் காகிதத்தில் மடித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் ஜாடியிலிருந்தும் இரண்டு ஸ்பூன். ஆய்வகத்தில் சோதித்தால் யாராவது கேட்பார்கள் என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

வீட்டுக்காரம்மாவை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன். சாப்பாட்டின் கடைசியில் புளிப்பாக ஒன்று இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அன்றைக்கு மாங்காய் வற்றல் போட்டு ஏதோ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். சமையலறை மேடையில் நான் இரண்டு தட்டில் இரண்டு பொடியைக் கொட்டி, முகத்தை அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, கொள்ளவில்லை. முதலில் அவளுடையதில் விரலை வைத்து நக்கினார்.

"பா! நல்ல டோக்" என்றார். டோக் என்றால் புளிப்பு.

பிறகு என்னுடையதில் விரலை வைத்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இதுல நூன் போட்டிருக்கே."

நூன் என்றால் உப்பு. எனக்குத் தெரிந்த முதல் பத்து வங்காள வார்த்தைகளில் ஒன்று. ஆனாலும் புரியாத மாதிரி நின்றேன். இரண்டு வருஷமாக நான் அந்தப் பொடியை எடைபோட்டிருக்கிறேன், சலித்திருக்கிறேன், தண்ணீரில் ஊறவைத்து வடித்து உறையவைத்து உலர்த்தியிருக்கிறேன். பெயர் தெரியாத கருவிகளிலெல்லாம் ஏற்றியிருக்கிறேன். நாக்கில் மட்டும் வைத்ததில்லை. என் விரலை வைத்தேன். கடற்கரையில் விற்கும் மாங்காய்க் கீற்றுபோல இருந்தது.

சமையலுக்கு விற்கும் சுமாக்கில் கட்டிதட்டாமல் இருக்க உப்புச் சேர்ப்பார்கள். அதில் கடைக்காரன் தப்பு ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் எழுதித்தான் இருந்திருக்கும். தண்ணீரில் சாறு எடுத்தபோது உப்பு முழுவதும் என் சாற்றுக்குள் வந்துவிட்டது. நான் மருந்து என்று எடைபோட்டதில் ஒரு பங்கு வெறும் உப்பு. வட்டம் எப்படிப் பெரிதாகும்? விடுமுறைக்கு ஆய்வகம் பூட்டுமுன் ஓடிப்போய், இரண்டு பொடியையும் தனித்தனியாக எரித்துச் சாம்பலாக்கிக் கரைத்து, கொஞ்சம் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டேன். என் பொடியின் குழாய்க்குள் பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டது; உப்பு இருந்தால் அப்படித்தான் ஆகும். அவள் பொடியில் லேசாகக் கலங்கியதோடு சரி. அவள் ஒன்றுமே கலக்கவில்லை. கலந்தது என் ஜாடி.

அந்தப் பூஜையில் ஊரெல்லாம் தாக் மேளம் முழங்கியது. நான் ஒரு பந்தலுக்கும் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். என் செடி தோற்றது என்று மட்டும் தெரியும். நான் முட்டாள் என்று தெரியாது. ஆனால் அவள் மேல் நான் போட்ட சந்தேகம் அப்படியே நிற்கும். ஐந்து நாள் இதே யோசனைதான்.

விடுமுறை முடிந்த முதல் நாள், அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். ஜாடியிலிருந்து எடுத்தது, மாஷிமா, உப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். ஸாரிடம் ஆசிட் என்று சொன்னதும் நான்தான் என்றேன். அவள் குழாயை மூடினாள்.

"உப்புன்னு எனக்கு முதல் நாளே தெரியும், தீதி" என்றாள். "எங்க ஊர்ல பசங்க பக்கிம்லோவை உப்பும் மிளகாயும் தொட்டுத்தான் தின்னும். நாக்குல வெச்சதுமே தெரிஞ்சுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லத்தானே வாயைத் திறந்தேன். நீங்க கத்தினீங்க." துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "மறுநாள் சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள ஸார்கிட்ட போட்டுக் கொடுத்திருந்தீங்க. சரி, நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு விட்டேன். அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க வட்டம் சின்னதாவே இருக்கட்டும்னு தோணிடுச்சு."

நானும் ஒன்றரை வருஷமாக அதையேதானே வேண்டிக்கொண்டிருந்தேன், காளிகாட் வரைக்கும் போய். இருவரும் ஸார் அறைக்குப் போனோம். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பாக்கெட் எங்கே?" என்று கேட்டார். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஹோபே" என்றார். அதைவிட வலித்த ஹோபேயை நான் கேட்டதில்லை.

பக்கிம்லோ அடுத்த கட்டத்துக்குப் போனது. கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில். நான் அவளுடைய குப்பிகளைக் கழுவினேன், நன்றாகவே கழுவினேன். கிடைத்த நேரத்தில், இடிக்காத முழுக் காயாகவே சுமாக் வரவழைத்து, என் வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். பார்சல் வந்த அன்று ஒரு பிடி அள்ளிக்கொண்டு அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். விதி விதிதான், உள்ளே வாயில் வைக்கக் கூடாது.

"எப்படி இருக்குன்னு பாரேன்" என்றேன்.

அவள் ஒரு காயைப் போட்டு மெதுவாக மென்றாள். வேண்டுமென்றே என்னைக் காக்க வைத்தாள். கடைசியில், "புளிப்பு மட்டும்தான்" என்றாள். அவள் வந்து சேர்ந்ததிலிருந்து நான் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

புதுச் சாற்றில் முதல் தட்டு எடுத்தபோது அவளே வந்து அதை வெளிச்சத்தில் பிடித்தாள். அளவுகோலை வைத்தாள். "தாருண், தீதி" என்றாள். ஸார் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை.

நான் அவள் கையிலிருந்த அளவுகோலை வாங்கி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

"உன்னுது இன்னும் பெரிசு" என்றேன்.

"ஆமா தீதி" என்றாள். "பெரிசுதான்."