எண்ணெய்க் கடதாசியில் தெரிந்தது

கமரா என்னிடம் இருந்தது, பிலிம்தான் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதி நின்றுபோய், திருகோணமலைக் கடைகளில் பிலிம் கேட்பவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்த நான், கப்பல்காரன் ஒருவனிடம் பழைய மடிப்புக் கமரா ஒன்றை வாங்கிவிட்டு, கொழும்பிலிருந்து மைத்துனன் பிலிம் அனுப்புவான் என்று காத்திருந்தேன். சும்மா காத்திருக்க எனக்கு வராது.

லென்ஸில் ஒரு வளையம். அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் துவாரம் பெருக்கும், சிறுக்கும். நாலரை என்ற இலக்கத்தில் துவாரம் பெரிது, பதினாறில் மிளகளவு. பெரிய துவாரத்தில் குறிவைத்த பொருள் மட்டும் தெளிவாக விழும், முன்னும் பின்னும் கலங்கிவிடும். சிறிய துவாரத்தில் கிட்டவும் தூரவும் எல்லாம் தெளிவு என்று ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்திருந்தேன். பெரிய கதவால் குறைவாகவும் சின்னக் கதவால் கூடவும் தெரியும் என்றால் யார் நம்புவது? எனக்கு அதைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

வழி ஒன்று அகப்பட்டது. வெள்ளைக் கடதாசியில் தேங்காயெண்ணெய் தடவி, கமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்திவிட்டுக் கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டால், கடதாசியில் உலகம் தலைகீழாகத் தொங்கும். ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் உட்துறைமுகக் கரையில் இதுதான் என் வேலை. தோணி, நங்கூரம், காகம் என்று கண்டதையெல்லாம் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். "என்ன, காய்ச்சலோ? குளிருதோ?" என்று போகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஒரு ஞாயிறு, அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த அக்கா ஒருவர் மகனோடு அந்த வழியால் வந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது.

"தம்பி, இவன் கப்பலுக்குப் போறான். ஒரு படம் எடுத்துத் தாங்கோ. பாஸ்போட்டுக்கு எடுத்ததையெல்லாம் கப்பல் கந்தோர்க்காரரே வாங்கிப்போட்டாங்கள்."

ஆள் ஒன்று அகப்பட்ட சந்தோசம் எனக்கு. அவனைப் பத்தடியில் நிறுத்தினேன். அக்கா அவனுக்குப் பின்னால், கவிழ்த்திருந்த தோணியருகே போய் நின்றார். நாலரையில் அவன் முகம் மட்டும்தான். துவாரம் சிறுக்கச் சிறுக்கக் கடதாசி இருண்டது. ஆனால் கலங்கிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது. தோணியின் விளிம்பு, அக்கரை மலை, அக்காவின் கை. போர்வைக்குள் நான் துள்ளாத குறை. அவன் அரை மணித்தியாலம் ஆடாமல் நின்றான், பாவம்.

தலையை வெளியே எடுத்ததும் அக்கா கேட்டார்.

"எடுத்தாச்சோ?"

"ஓம் அக்கா, எடுத்தாச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பிலிமே இல்லாமல் ஒருவனை வெயிலில் காயவைத்ததை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். கப்பலேற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் பிலிம் வந்துவிடும், எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. அவன் மூன்றாம் நாளே போய்விட்டான். கப்பல் முந்தி வந்துவிட்டதாம்.

அடுத்த கிழமை அக்கா படம் கேட்டு வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. பிலிமை இன்னும் கழுவவில்லை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப, அவ்வளவு நேரமும் உள்ளுக்க என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"அவனைத்தான் பாத்தனான், அக்கா. எழுதியும் வைச்சிருக்கிறன்."

"வாசியுங்கோ."

கொப்பியை எடுத்து வாசித்தேன். "நாலரை: முகம் தெளிவு. கன்னத்தில் சிறு தழும்பு. மேல் பொத்தான் பூட்டவில்லை. பின்னால் ஒன்றும் தெரியவில்லை. எட்டு: தோணி தெரிகிறது. மயிர் நெற்றியில் விழுகிறது, சிரிப்பை அடக்குகிறான். பதினாறு: மலை, தோணி, தாய், எல்லாம் தெளிவு. தாய் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்."

கடைசி வரியை வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கு விளங்கியது. எழுதிய அன்று அது வெற்றி. தூரத்தில் நிற்பவர் கண் துடைப்பதுகூடத் தெரிகிறது என்று அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அக்கா கிட்ட வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"அந்த ஒற்றையைக் கிழிச்சுத் தாங்கோ தம்பி, நான் வைச்சிருக்கிறன். கடைசி வரியை மட்டும் வெட்டிப்போட்டுத் தாங்கோ. அவன் திரும்பி வந்தா எடுத்து வாசிப்பான். நான் சிரிச்சுக்கொண்டுதான் அனுப்பினனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

அத்தனை ஞாயிறுகளிலும் நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விசயம் அந்த வரியில்தான் இருந்தது. பேனையை எடுத்து, யாராலும் வாசிக்க முடியாதபடி அதை வெட்டிக் கொடுத்தேன்.