ஸ்காட்லாந்தில் சொன்ன ‘போயிட்டு வரோம்’

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவருக்கு நுரையீரல் மோசம். இதுவே கடைசி விமானப் பயணம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஸ்காட்லாந்திலிருக்கும் மகளிடம் போனோம். பழைய கோட்டைகளைச் சுற்றிப் பார்க்க, வழிகாட்டியோடு தனிக் கார் பிடித்துக் கொடுத்தாள். மாலையில் வீட்டு வாசலில் இறங்கியதும் இவர், “வீ வில் கோ அண்ட் கம்” என்று வழிகாட்டியிடம் விடைபெற்றார்.

வெகுநேரம் கழித்து மகள் ஜன்னலில் பார்த்துப் பதறினாள். “அப்பா, அவரு இன்னும் மழையில நிக்கிறாரு! நீங்க திரும்பி வருவீங்கன்னு நெனச்சிட்டாரு.”

அன்று சிரித்தோம்.

ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் அவளிடமும் இவர், “போயிட்டு வரோம்மா” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்த வழிகாட்டியைப் போலவே அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

இவர் போய்ச் சேர்ந்த பிறகு யாரிடமும் நான் அப்படிச் சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.