பூ பூத்தது, பூச்சி பறக்கவில்லை

ராயபுரத்தில் ஒரு தானிய கோடவுனில் நான் பூச்சிமருந்து ஆபரேட்டராக இருந்தபோது எங்கள் யாரிடமும் வாட்ச் கிடையாது. வாசலில் ஒரு அந்திமந்தாரைச் செடி நின்றது. அது பூத்தால் சாயங்காலம். மூட்டைகளை அடுக்கிய அட்டியிலிருந்து ஆட்கள் இறங்கியதும் அதைக் கவரால் மூடி, கேஸ் சிலிண்டரைத் திறப்போம். அந்த கேஸ் பூச்சியை மட்டுமல்ல, மனுஷனையும் விடாது.

அரிசியில் இருந்த அந்துப்பூச்சியும் பகலெல்லாம் சாக்கில் ஒட்டிக் கிடந்து, பூ பூக்கும் நேரத்துக்குத்தான் எழும்பும். ஒன்று மணக்கும், ஒன்று அரிசியைக் கெடுக்கும்; மற்றபடி இரண்டும் ஒரே ஷிஃப்ட் என்று நினைத்திருந்தேன்.

மூட்டை தூக்கும் பஷீர் பாய், லாரி வராத நாளில் அட்டி உச்சியில் ஒரு பள்ளம் பார்த்துப் படுத்துவிடுவார். இடி விழுந்தாலும் எழமாட்டார். "பூச்சி மூஞ்சில மோதினாத்தான் நைனா எனக்கு முயிப்பே வரும்" என்பார்.

ஐப்பசியில் லாரி வராத ஒரு நாள் வானம் மூடிக்கொண்டது. செடி பூத்துவிட்டது.

"பூ பூத்துச்சு, கவரை இசுங்கப்பா!" என்றார் மேஸ்திரி மரியதாஸ். வழக்கம்போல, "மேல யாராச்சும் கீறீங்களா?" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. கவரை இழுத்து மூடி, ஓரத்தில் மணல் பைகளை வைத்தோம். வால்வில் கை வைத்தேன்.

கவர் இழுக்கும்போது வேர்த்த கழுத்தில் பூச்சி வந்து ஒட்டும். அன்று ஒன்றுகூட ஒட்டவில்லை.

"மேஸ்திரி, பூச்சி இன்னும் எழும்பல."

"உன்னாண்ட சொல்லிகினுதான் எழும்புமா? தொறய்யா."

"பூச்சி எழும்பலன்னா பாயும் எழும்பல."

மரியதாஸ் முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் பாய்ந்து கவரைப் பிடுங்கினோம். நான் ஏறி உலுக்கிய பிறகுதான் உச்சியிலிருந்து பஷீர் பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு, அதுக்குள்ள பொயுது பூட்ச்சா?"

"கஸ்மாலம்! படுக்க வேற எடமே கெடைக்கலியா?" என்று திட்டிக்கொண்டே மரியதாஸ், இறங்கி வந்தவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் வால்வு மூடியிருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன்.

பூ வானத்தை நம்பும். மேகம் போட்டால் ஏமாந்துவிடும். பூச்சி இருட்டிலேயே பிறந்தது, அதை மேகம் ஏமாற்ற முடியாது. நான் இரண்டையும் நம்பாமல் அன்றிலிருந்து ஏணி ஏறிப் பார்த்தபிறகுதான் கவர் போட்டேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் ஏறிப் பாருங்கள்.

பொழுது சாய்ந்ததும் பூச்சிகள் எழும்பின. மறுபடி கவரை மூடினோம். பஷீர் பாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை எயுப்ப நீ இருந்தே நைனா. அதுங்களை எயுப்ப ஆளில்லியே."

வால்வைத் திறந்தேன், அது என் வேலை. வெளியே வந்தபோது கழுத்தில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. அதை அடிக்கவில்லை. எடுத்து அந்திமந்தாரைமேல் விட்டேன்.