சமையலறைக்கு ஒரு மஞ்சள்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. பேன்ட் நீளம் குறைப்பது, சட்டை இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது என்று நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்திருப்பாள். கணவன் பெயின்ட் கடையில் விற்பனையாளன். அவனிடம் ஒருமுறை பெயின்ட் வாங்கினவர்கள் அதோடு விடமாட்டார்கள். வீட்டில் எது ஒழுகினாலும், எது விரிசல் விட்டாலும் அவனுக்குத்தான் போன் வரும்.

"அண்ணே, பாத்ரூம் சுவர்ல கறுப்பா பூத்திருக்கு. அதுமேலயே பெயின்ட் அடிச்சிடலாமா?"

"அவசரப்படாதீங்க. ஈரம் எங்கேருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம். பக்கத்துல குழாய் ஏதாவது போகுதா?"

தட்டில் வைத்த கை காய்ந்துபோகும்வரை பேசுவான். குரலில் அப்படி ஒரு கனிவு. அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். இன்னொரு பெண்மீது பொறாமை என்றால் யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இவள் பொறாமைப்பட்டது சுவர்கள்மீது. யாரோ ஒருத்தியின் குளியலறைக்கு இத்தனை அக்கறை. இவளுடைய சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் பிசுக்கேறிச் சுவர் பழுத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு மேலே பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்பி நின்றது. பாத்திரத்தில் விழுந்துவிடுமோ என்று எதையும் மூடி வைத்தே சமைத்தாள்.

சொன்னால் ஒரே பதில்தான். "வாடகை வீடு. நாம செலவு பண்ணி ஓனருக்கு அழகு பண்ணிக் குடுக்கணுமா?"

ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்து போனை நீட்டினான். யாரோ டாக்டரம்மா வீட்டு ஹால். "நான் சொன்ன கலர். அந்தம்மா பார்த்துட்டு கண்ணே கலங்கிட்டாங்க."

அவள் படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கீழ்வீட்டு நர்ஸிடம் போனாள். "கடைக்கு ஒரு போன் போடுங்க. எங்க வீடுன்னு சொல்லாதீங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து சைகை காட்டுறதைச் சொல்லுங்க போதும்."

நர்ஸ் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். வாடகை வீடு, பிசுக்குச் சுவர், உரிகிற பெயின்ட் என்று எல்லாம் சொன்னாள். அவன் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனான். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். உரிவதைச் சுரண்டிவிட்டுப் பள்ளங்களில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். "ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. சும்மா அடிச்சுத் தர்றேன்னா யாரு வேணாம்னு சொல்லப்போறாங்க? ஜன்னல் எந்தப் பக்கம்மா?"

தையலக்கா கையால் காட்டினாள். "பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கு," என்றாள் நர்ஸ்.

"அப்போ வெளிச்சம் கம்மி. வெளிர் மஞ்சள் எடுப்பா இருக்கும். அது கிடக்கட்டும், உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் தன்னிடம் கேட்காத கேள்வி. தையலக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கடை சார்பில் அவன் வெளியூர்ப் பொருட்காட்சிக்குப் போன சமயத்தில் காரியத்தை முடித்தாள். வீட்டு ஓனர், "கண்ணை உறுத்துற கலர் மட்டும் வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டார். பெயின்டை வேண்டுமென்றே வேறு கடையில் வாங்கினாள். நர்ஸ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இவளே அடித்தாள்.

திரும்பி வந்தவன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தர். போன்ல. ரொம்பப் பொறுமையான ஆளு. எனக்கு என்ன கலர் பிடிக்கும்னுகூடக் கேட்டாரு."

அவன் முகம் சுண்டிப்போனது. சுவரைத் தடவிப் பார்த்தான். "பட்டி சரியாத் தேய்க்கலை. எந்தக் கடைக்காரன் அவன்?"

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். மறுநாள் காலையிலும் பல் தேய்த்துக்கொண்டே, "அந்த ஆளு திரும்பப் பேசினானா?" என்று கேட்டான். அவளுக்கு அது இனித்தது. இத்தனை நாள் தான் வெந்ததில் ஒரு கரண்டியாவது அவனும் வேகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் அவனே மாட்டிக்கொண்டான். "தொழில் தெரிஞ்சவனா இருந்தா முதல்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டிருப்பான்."

"கேட்டாரே. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துன்னு சொன்னோம். அப்போ வெளிர் மஞ்சள்னு சொன்னாரு."

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"நம்ம கிச்சன்னு எனக்குத் தெரியலையே."

"எப்படித் தெரியும்? நீங்க பார்த்ததே இல்லையே."

அந்த ஞாயிற்றுக்கிழமை தன் கடையிலிருந்து ஒரு டின் கொண்டுவந்து இரண்டாவது கோட் அடித்தான். ஜன்னல் பக்கத்தோடு டின் தீர்ந்தது. காய்ந்தபின் பார்த்தால் ஜன்னல் பக்கம் ஒரு மஞ்சள், அடுப்புப் பக்கம் வேறொரு மஞ்சள். இன்னொரு டின் வாங்கி வருகிறேன் என்றான்.

"வேண்டாம். அடுப்புப் பக்கம் அந்த போன்காரர் சொன்னபடி அடிச்சது. அது அப்படியே இருக்கட்டும்."

அந்தச் சுவரை அவள் துடைக்கும்போது மட்டும் இன்றைக்கும் அவன் முகம் லேசாகச் சுருங்குகிறது.